இருமலுக்குப் பாட்டில் எதற்கு?



மழை ஓய்ந்து பனி இறங்கும் இந்த மாதங்களில் எங்கள் மாம்பலம் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டுக்குள்ளிருந்து 'லொக்கு லொக்கு' என்று குழந்தை இருமுகிற சத்தம் காதில் விழும். சாயங்காலம் மருந்துக் கடையில் இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள். "குழந்தைக்கு இருமல், நல்லதா ஒரு சிரப் குடுங்க" என்று கேட்டபடி யாராவது ஒரு தாயாரோ தகப்பனாரோ வந்துகொண்டே இருப்பார்கள். டாக்டர் சீட்டு கிடையாது. குழந்தைக்கு என்ன வயது, எத்தனை கிலோ எடை என்று பல கடைகளில் கேட்பதும் இல்லை. காசு கைமாறுகிறது, பாட்டில் கைமாறுகிறது.

இருமலை வீட்டிலேயே எப்படிச் சமாளிப்பது என்று பல சகோதரிகள் கேட்டிருக்கிறீர்கள். எழுதுவதற்கு முன்னால் அந்தப் பாட்டில் விஷயத்தைப் பேசிவிடுவோம். அது தெரிந்தால்தான் கைவைத்தியத்தின் அருமையும் தெரியும், அதன் எல்லையும் தெரியும்.

நம் ஊர்க் கதை

2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சளி, இருமல், ஜுரம் என்று டாக்டரிடம் போன குழந்தைகள். 'கோல்ட்ரிஃப்' என்ற சிரப்பைக் குடித்தார்கள். சில நாளில் மூத்திரம் குறைந்தது, பிறகு நின்றே போனது. சிறுநீரகம் பழுதாகி 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த சிரப் தயாரானது எங்கே தெரியுமா? நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். பட்டுப்புடவை வாங்க நாம் போகிற வழிதான்.

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. இருக்கக்கூடிய உச்ச வரம்பே 0.1 சதவீதம்தான். பாதிக்குப் பாதி நஞ்சு என்று சொல்லிவிடலாம்.

இது எப்படி சிரப்புக்குள் வருகிறது? மருந்துத் தூளைக் கரைத்துப் பாகு பதத்தில் வைக்க கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற திரவங்களைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் வாங்கினால் விலை கூடுதல். தொழிற்சாலைத் தரத்தில் மலிவாக வாங்கினால் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கலாம். அதுவும் தித்திப்பாகவே இருக்கும். குழந்தை முகம் சுளிக்காமல் குடித்துவிடும். ஒவ்வொரு சரக்கையும் சோதித்த பிறகுதான் உபயோகிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் சாட்சி. அங்கே சந்தேகத்துக்கு ஆளான சிரப்புகளும் இந்தியாவிலிருந்து போனவைதான். இன்னும் பின்னால் போனால், 1972-லேயே நம் மெட்ராஸில் இதே நஞ்சு கலந்த மருந்தைக் குடித்து 10-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்திருக்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பாடத்தை நாம் இன்னும் படித்து முடிக்கவில்லை.

சரி, கலப்படம் இல்லாத நல்ல சிரப் என்றால் கொடுக்கலாமா? 2025 அக்டோபரில் மத்திய அரசின் சுகாதார சேவைகள் தலைமை இயக்ககம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதிக் கொடுக்கவே கூடாது. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாக அவை சிபாரிசு செய்யப்படுவதில்லை. குழந்தைகளிடம் அவற்றால் கிடைக்கும் பலன் சொற்பம். மயக்கம், படபடப்பு போன்ற தொல்லைகள்தான் மிச்சம்.

இருமல் எதிரி இல்லை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனாலும் இரண்டு பிள்ளைகளை வளர்த்ததிலும், குழந்தை டாக்டர்களைக் கேள்வி கேட்டுக் குடைந்ததிலும் ஒரு விஷயம் பிடிபட்டது. இருமல் என்பது வீட்டுக் காவல்காரன் மாதிரி. மூச்சுக் குழாயில் சேரும் சளியை வெளியே தள்ளுவது அதன் வேலை. காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டால் யாருக்கு லாபம்?

சாதாரண ஜலதோஷம் வைரஸ் கிருமியால் வருவது. மூக்கு ஒழுகல் ஏழு முதல் பத்து நாளில் அடங்கும். இருமல் இன்னும் சில நாள் இழுக்கும். ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே இந்த நாட்களில் நம் வேலை மூன்றே மூன்று: தொண்டைக்கு இதம் தருவது, மூக்கைத் திறந்து வைப்பது, வயிற்றைக் காயப்போடாமல் இருப்பது.

வயதுக்குத் தகுந்த கைவைத்தியம்

*ஆறு மாதம் வரை:* தாய்ப்பால் ஒன்றுதான் மருந்து. உரைமருந்து, தேன், வெந்நீர் எதுவும் வேண்டாம். மூக்கடைப்பால் பால் குடிக்கத் திணறினால், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை, அதாவது 'சலைன்' சொட்டை, பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்பு ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விடுங்கள். வெறும் உப்பு நீர் மட்டும் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுக்கான மூக்கடைப்பு மருந்து குழந்தைக்கு ஆகாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஜுரம் வந்தால் கைவைத்தியமே கூடாது, நேரே டாக்டர்தான்.

*ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை:* தாய்ப்பாலோடு, கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரை அடிக்கடி இரண்டு மூன்று ஸ்பூன் கொடுக்கலாம். பயத்தம்பருப்பும் அரிசியும் குழைய வேகவைத்து, துளி நெய் விட்டு மசித்துக் கொடுங்கள். தேன் மட்டும் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து, கைகால் தளர்ந்துபோகும் வியாதியை உண்டாக்கும். நாக்கில் தேன் தடவும் சம்பிரதாயத்துக்கும் இது பொருந்தும்.

*ஒரு வயதுக்கு மேல்:* இங்கேதான் நம் சமையலறைக்கு மவுசு. ராத்திரி படுக்கும் முன் அரை டீஸ்பூன் சுத்தமான தேன் கொடுங்கள். இராத்திரி இருமல் குறைந்து குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று மேல்நாட்டு ஆராய்ச்சிகளே சொல்கின்றன. தேன் கொடுத்த பிறகு வாயைக் கொப்புளிக்கச் செய்ய மறக்காதீர்கள், பல் சொத்தையாகும்.

பாலில் சிட்டிகை மஞ்சள் தூளும், துளி மிளகுத் தூளும், கொஞ்சம் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சி இளஞ்சூடாகக் கொடுக்கலாம். இரண்டு ஓமவல்லி இலையும் நாலு துளசியும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, பனங்கற்கண்டு சேர்த்து இரண்டு மூன்று ஸ்பூன் வீதம் கொடுக்கலாம். கற்பூரவல்லி என்பதும் ஓமவல்லி என்பதும் ஒன்றுதான். ஒரு கிளையை ஒடித்து ஜன்னல் தொட்டியில் நட்டால் போதும், வீடு முழுக்கப் படரும்.

தூதுவளை ரசம் சொல்லாமல் விட்டால் என் மாமியார் கோபித்துக்கொள்வார். மாம்பலம் மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாக்களிடம் கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். ஒரு கைப்பிடி இலையில் முள்ளை நீக்கி, நெய்யில் வதக்கி, அரை ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், இரண்டு பல் பூண்டோடு அரைத்து, நீர்க்கக் கரைத்த புளியிலும் பருப்புத் தண்ணீரிலும் சேர்த்து நுரை கட்டியதும் இறக்குங்கள். குழைந்த சாதத்தில் விட்டுப் பிசைந்து கொடுத்தால், இரண்டு வயதுப் பிள்ளையும் சப்புக்கொட்டிச் சாப்பிடும்.

ஒன்றை மனசில் வையுங்கள். இதெல்லாம் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர்ச்சத்து, வாய்க்கு ருசி. வைரஸை இவை விரட்டுவதில்லை, அந்த வேலையை உடம்பே செய்கிறது. லேகியம், குடிநீர் என்று முறையான சித்த மருந்து கொடுக்க விரும்புகிறவர்கள் நாமாகக் கையளவு கணக்கில் கொடுக்காமல், படித்த சித்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் குழந்தை மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

பழக்கமானாலும் விட்டுவிட வேண்டியவை

'பாட்டி காலத்துலேர்ந்து செய்யறோமே' என்று கேட்பீர்கள். பாட்டியிடமிருந்து ரசத்தை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளவற்றை மரியாதையோடு விட்டுவிடுவோம்.

எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் எண்ணெய் விடுவது: அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும். எண்ணெயாலேயே நிமோனியா வரும்.

சூடம்: தேங்காயெண்ணெயில் சூடத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது பல வீடுகளில் உண்டு. சூடம் தோல் வழியாகவும் உள்ளே போகும். குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் சில நிமிஷத்திலேயே வலிப்பு வரும். பூஜை அலமாரியில் சூட டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சாம்பிராணிப் புகையும் கொசுவத்திப் புகையும்: கேசம் காய்வதற்கு என்று நாம் போடுகிற புகை, சளி பிடித்த குழந்தையின் மூச்சுக் குழாயை இன்னும் சுருக்கும். துண்டால் துவட்டினால் போதும், கொசுவுக்கு வலை கட்டுங்கள். வீட்டில் பீடி சிகரெட் பிடிப்பவர் இருந்தால் வாசலுக்கு அனுப்புங்கள்.

வசம்பு: 'பிள்ளை வளர்ப்பான்' என்று பேரெடுத்ததுதான். ஆனால் உள்ளுக்குக் கொடுத்து அளவு தப்பினால் வாந்தியும் மயக்கமும் வரும். வளையலாகக் கட்டினாலும் குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பும்.

ஆவி பிடிப்பது: கொதிக்கிற பாத்திரத்தின் மேல் சின்னக் குழந்தையைக் குனிய வைப்பது சூட்டுக்காயத்தை விலை கொடுத்து வாங்குவது மாதிரி.

ஒரு நிமிஷக் கணக்கு

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சளி, நிமோனியாவாக மாறுகிறதா என்று வீட்டில் இருந்தபடியே கண்டுபிடிக்க உங்களுக்கு வேண்டியது விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம், அல்லது உங்கள் செல்போன்.

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, அல்லது தூங்கும்போது, சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு முறை எழும்பித் தாழ்ந்தால் ஒரு மூச்சு. முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல்;
2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல்;
1 வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல்.

இந்தக் கணக்கு வந்தால் கஷாயம் போடாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.

இப்படித்தான் போன வருஷம் எங்கள் அடுக்ககத்துக் கீழ் வீட்டுப் பெண் மத்தியானம் ஓடிவந்தாள். "மாமி, குழந்தை ரெண்டு நாளா இருமிண்டே இருக்கான். ஓமவல்லி இலை இருந்தா நாலு தாங்கோளேன்" என்றாள். பத்து மாதப் பிள்ளை. இலையைப் பறிப்பதற்கு முன்னால் குழந்தையை ஒரு முறை பார்க்கலாம் என்று இறங்கிப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கு நுனி விரிந்து விரிந்து சுருங்கியது. சட்டையைத் தூக்கினால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. எண்ணினேன், 58. மறுபடி எண்ணினேன், 60.

"இலையெல்லாம் அப்புறம்டீ. பையை எடு, கிளம்பு" என்றேன். அவள் மாமியார், "நெஞ்சுச் சளிதானே, சாயங்காலம் பார்த்துக்கலாமே" என்று இழுத்தார். "இல்லே மாமி, இப்பவே போகணும்" என்று நானே கூடப் போனேன். நிமோனியா என்றார் டாக்டர். ஆக்ஸிஜனும் ஊசி மருந்துமாக ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசம். இன்றைக்கு அந்தப் பயல் நடேசன் பூங்காவில் சறுக்குமரத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். என் ஓமவல்லி நல்ல இலைதான். ஆனால் அன்றைக்கு அதை நம்பி ஒரு ராத்திரி காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

மூச்சுக் கணக்கு சரியாகவே இருந்தாலும் தாமதிக்கக் கூடாத வேறு அறிகுறிகள்: மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல், உதடு நீலம் பாரிப்பது, பால் குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வலிப்பு. ஏதாவது மருந்து குடித்த குழந்தைக்கு மூத்திரம் குறைந்தாலும் அப்படித்தான். அந்தப் பாட்டிலையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இராப்பகலாகத் திறந்திருக்கிறது.

சளிக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டு விஷயம்

ஒரே தெருவில், ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரு பிள்ளைக்கு ஜலதோஷம் நாலு நாளில் போகிறது, இன்னொரு பிள்ளைக்கு நெஞ்சில் இறங்குகிறது. இதற்குப் பல காரணம் உண்டு. அதில் நம் கையில் இருப்பது சாப்பாடு.

வைட்டமின் ஏ குறைந்தால் மூச்சுக் குழாயின் உள் தோல் பலவீனமாகிக் கிருமிக்கு வழி விடும். பப்பாளி, மாம்பழம், காரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும். கீரையோடு அரை ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும். ஒன்பதாவது மாதத்தில் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஐந்து வயது வரை, அரசு இலவசமாக வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

இரும்புச் சத்துக்குக் கேழ்வரகு, கீரை, பேரீச்சை, சுண்டல். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலும் மீனும். கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா என்று புளிப்புள்ள ஒன்று சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு டீ, காப்பி கொடுத்தால் அது கெடும்.

உடம்பு சரியில்லாத நாளில் பட்டினி போடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுங்கள். குணமான பிறகு இரண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை சாப்பாடு கூடுதலாகக் கொடுங்கள். இறங்கிய எடை அப்போதுதான் ஏறும்.

தடுப்பூசியையும் நான் சத்துணவோடுதான் சேர்ப்பேன். கக்குவான் இருமல், ஹிப் கிருமி முதலான ஐந்து வியாதிகளுக்கு ஒரே ஊசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. நிமோனியாவுக்கான பி.சி.வி. ஊசியும் 2021 முதல் அரசு மையங்களில் இலவசம். ஆறு வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என்று மூன்று முறை. குறிப்பேட்டைப் பிரித்து ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

சகோதரிகளின் சந்தேகங்கள்

*"சளி இருக்கும்போது வாழைப்பழம், தயிர் கொடுக்கலாமா?"*
தாராளமாக. சளியைக் கொண்டுவருவது கிருமி, வாழைப்பழம் அல்ல. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு மட்டும் கொடுக்க வேண்டாம்.

*"இருமி இருமிக் கடைசியில் வாந்தி எடுக்கிறான், பயமாக இருக்கிறது."*
சின்னக் குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது. விழுங்கிவிட்டு வாந்தியாக எடுக்கும். எப்போதாவது ஒரு முறை என்றால் பயமில்லை. தொடர்ந்து மூச்சு விடாமல் இருமி, முகம் சிவந்து, கூவுவது போல மூச்சை இழுத்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

*"மூன்று வாரமாக இருமல் விடவில்லை."*
இரண்டு வாரத்தைத் தாண்டினாலே கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். எடை குறைகிறது, மாலை ஜுரம் வருகிறது, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மருந்து அலமாரியை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை திறந்து பாருங்கள். போன வருஷத்து மிச்சம், அண்ணன் குழந்தைக்கு எழுதிக் கொடுத்தது, லேபிள் கிழிந்தது என்று எத்தனை சிரப் பாட்டில் நிற்கிறதோ அத்தனையையும் வெளியே எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு சின்ன பாட்டில் தேனும், ஒரு டப்பா பனங்கற்கண்டும், மேலே எழுதிய மூச்சுக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியும் வையுங்கள்.

அடுத்த இதழில் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலக்குவது பற்றிப் பார்ப்போம். உங்கள் வீட்டுக் கஞ்சிப் பக்குவம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.